ஹெட்ஃபோன்ல தவில் இருக்கு, மினிபஸ்ல காணோம்: மிக்சிங்கா, மாஸ்டரிங்கா?

பத்துக்குப்பத்து

எல்லாருக்கும் வணக்கம். செல்லூர்ல வீட்டு மாடி ரூம்தான் என் ஸ்டூடியோ. பத்தடிக்குப் பத்தடி, உசரமும் பத்தடி. மேலூர்ப் பக்கம் ஒரு அய்யனார் கோயில் புரவியெடுப்புக்கு (மண்குதிரையத் தூக்கிட்டுப் போற திருவிழா) பாட்டு ஒண்ணு பண்ணிக்கிட்டிருக்கேன். பெண் குரல் ஒண்ணு, பின்பாட்டு ரெண்டு பேரு, தவில், உறுமி, பம்பை, நாயனம். எல்லாம் நேர்ல வாசிச்சது. அடியில கீபோர்டு பேஸ் மட்டும் நான் போட்டது.

ஹெட்ஃபோன்ல தவில் ரெண்டு காதுக்கும் விரிஞ்சு பிரமாதமா நிக்குது. அதே ஃபைல மினிபஸ்ல போட்டா தொப்பிப் பக்கம் (கம்பால அடிக்கிற பக்கம்) காணவே காணோம், வலந்தலை (விரலால அடிக்கிற பக்கம்) மட்டும் தகரத்தத் தட்டுன மாதிரி வருது. கார்ல போட்டா பேஸ் எல்லாத்தையும் மூடிருது. குரல் எங்க கேட்டாலும் நாயனத்துக்குள்ள போயிருது.

எல்லா டிராக்கையும் கலந்து மிக்ஸ் பண்ணது நான். அதுக்கப்புறம் கடைசியா மொத்தப் பாட்டோட சத்தத்தச் சரி பண்ற மாஸ்டரிங்க வெளியூர்ல ஒருத்தர்கிட்ட குடுத்தேன். சத்தம் கூடி வந்துச்சு, ஆனா மேல சொன்ன மூணும் இன்னும் மோசம். வேற ஆள்கிட்ட மாஸ்டரிங் குடுக்கவா, இல்ல மிக்ஸயே மறுபடி பண்ணவா?

திண்டுக்கல் டெசிபல்

மாஸ்டர் எத்தன லஃப்ஸ் (பாட்டோட சராசரி சத்த அளவு, LUFS) வருது? நீங்க குடுத்த மிக்ஸ் எத்தன?

பத்துக்குப்பத்து

மிக்ஸ் -17. மாஸ்டர் -7.5.

திண்டுக்கல் டெசிபல்

அப்ப அவர் வேலைய சரியாத்தானே செஞ்சிருக்காரு! இன்னிக்கு வர்ற குத்துப்பாட்டெல்லாம் அந்த அளவுலதான் நிக்குது. -14-ல குடுத்தா பக்கத்துப் பாட்டு முடிஞ்சு உங்க பாட்டு வரும்போது ஸ்பீக்கர் கெட்டுப்போச்சோன்னு பாப்பாங்க. கோயில் பாட்டுக்கு சத்தம் வேணும் தம்பி.

ஃபேடர்

டெசிபல் அண்ணே, சத்தம் யாருக்கு, எங்கங்கிறத பாக்கணும். ஸ்பாட்டிஃபைல வழக்கமான செட்டிங்ல எல்லாப் பாட்டையும் -14 பக்கத்துக்குக் கொண்டுவந்துதான் போடுறாங்க. ஆப்பிள் -16. யூடியூப் -14-க்கு மேல இருந்தா இறக்கும், கீழ இருந்தா ஏத்தாது. நம்பலன்னா எந்த யூடியூப் பாட்டுலயும் ரைட் கிளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நேர்ட்ஸ் போட்டுப் பாருங்க, கன்டென்ட் லௌட்னஸ்னு ஒரு வரி இருக்கும். தம்பியோட -7.5 மாஸ்டர ஏத்துனா அங்க 6.5 டெசிபல் மேலன்னு காட்டி, அத்தனையும் குறைச்சுத்தான் ஓட்டும். லிமிட்டர்ல (உச்சத்த ஒரு அளவுக்கு மேல போக விடாம அமுக்குற கருவி) தவிலோட அடிய நசுக்கிச் சம்பாதிச்ச சத்தம் அங்க திரும்பப் போயிருது. நசுங்குன தவில் மட்டும் மிச்சம்.

இன்னொண்ணு. லிமிட்டர் உச்சத்தத்தான் பிடிக்கும். இந்தப் பாட்டுல உச்சம் எல்லாம் தவில், பம்பை. நாயனம் விடாம ஊதிக்கிட்டிருக்கிற சத்தம், அதுக்கு உச்சம் கம்மி. அடிக்கிற வாத்தியத்த அமுக்கி மொத்தத்தயும் மேல தூக்குனா நாயனம் தானா முன்னுக்கு வந்து நிக்கும். ஒவ்வொரு அடிக்கும் குரலும் சேந்து உள்ள போகும். "இன்னும் மோசம்"னு தம்பி சொல்றது இதுதான்.

ஆனா தொப்பிப் பக்கம் காணோம்ங்கிறது மாஸ்டரிங் பிரச்சினையே இல்ல. தம்பி, தவிலுக்கு எத்தன மைக் வச்சீங்க? எங்கெங்க? பேன், அதாவது லெஃப்ட் ரைட்ல எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுனீங்க? மாஸ்டர் பஸ்ல (எல்லா டிராக்கும் சேந்து வெளிய வர்ற சேனல்) மோனோ பட்டன அமுக்கி, லெஃப்ட் ரைட் ரெண்டையும் ஒண்ணாக் கூட்டிக் கேட்டீங்களா?

பத்துக்குப்பத்து

ரெண்டு மைக். தொப்பிக்கு ஒண்ணு, வலந்தலைக்கு ஒண்ணு, ரெண்டும் தவிலப் பாத்த மாதிரி. ஒண்ணு முழு லெஃப்ட், ஒண்ணு முழு ரைட். மோனோல கேக்கலண்ணே. இனிமே மோனோல யாரு கேக்கப் போறா?

மேலூர் மைக்செட்

யாரு கேக்கப் போறாய்ங்களா? தம்பி, நீங்க பாட்டுப் போடுறதே எனக்குத்தான். புரவி கிளம்புறதுலருந்து இறக்கி வைக்கிற வரைக்கும் எங்க குழாய்லதான் ஓடும். குழாய்ல எங்கய்யா லெஃப்ட்டு ரைட்டு. ஆம்புக்கு ஒத்த வயரு, அங்கிருந்து மரத்துக்கு ஒரு குழாய், மடைக்கு ஒரு குழாய்.

மினிபஸ்ஸும் அப்புடித்தேன். ஒரு சேனல் புகைஞ்சு போயிருக்கும், ரெண்டு வயரயும் ஒண்ணா முறுக்கி எல்லா ஸ்பீக்கருக்கும் விட்டுருப்பாய்ங்க. நான் பாத்த வண்டி முக்காவாசி அந்தக் கதிதேன்.

ஃபேடர்

மைக்செட் அண்ணன் சொன்னதுல விடையே இருக்கு.

தவில் ரெண்டு பக்கமும் தோல், நடுவுல காத்து அடைபட்ட கூடு. கம்பால தொப்பிய அடிச்சா அந்தத் தோல் உள்ள போகும். உள்ள இருக்கிற காத்து எதிர்ப்பக்கத் தோல வெளிய தள்ளும். தொப்பி மைக்குக்குத் தோல் விலகிப் போகுது, வலந்தலை மைக்குக்குத் தோல் கிட்ட வருது. ஒரே அடி, ஒரு டிராக்ல அலை கீழ கிளம்பும், இன்னொண்ணுல மேல கிளம்பும். ஹெட்ஃபோன்ல ரெண்டும் தனித்தனிக் காதுக்குப் போறதால "விரிஞ்சு பிரமாதமா" தெரியுது. மோனோல ரெண்டையும் கூட்டும்போது அடியில இருக்கிற கும்காரம் ஒண்ண ஒண்ணு தின்னுரும். வலந்தலையோட மேல் சத்தம் அந்த மாதிரி ஒத்துப் போகாது, அதனால அது தப்பிச்சு வந்து தகரமா கேக்குது.

செய்ய வேண்டியது: வலந்தலை டிராக்ல போலாரிட்டி பட்டன், அலைய மேல் கீழாப் புரட்டுறது, சின்ன வட்டத்துல குறுக்குக் கோடு போட்டிருக்கும், அத அமுக்குங்க. மோனோல வச்சே அமுக்கி அமுக்கி எடுத்துப் பாருங்க. தொப்பி எதுல கனமா வருதோ அது சரி. அப்புறம் பேன முழுசாத் தள்ளாம பாதிக்குள்ள கொண்டுவாங்க. தாங்க முடியாத விரிவு எதுக்கு? தவில் ஒரு ஆள் தோள்ல தொங்குற வாத்தியம்.

வலந்தலை

நான் தவில்காரன், இருவது முப்பது பேரு மைக் வச்சு வாசிச்சிருக்கேன், அதனால ஒரு வார்த்தை. எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் மைக்கக் கொண்டாந்து தோலுக்கு நாலு விரக்கடையில வைக்கிறாங்க. விரல்ல கூடு போட்டு அடிக்கிற சத்தம் அவ்வளவு கிட்ட கேட்டா வெறும் சொடக்குதான் வரும், நாதம் வராது. வலந்தலைக்கு ஒண்ணரை அடி தள்ளி, கொஞ்சம் மேலருந்து பாத்த மாதிரி வைங்க. தொப்பிக்கு ஒரு அடி போதும். நாயனத்துக்கும் நேரா அணசுக்குள்ள (கீழ விரிஞ்சிருக்கிற வாய்) மைக்க நுழைக்காதீங்க. தொளை வழியாவும் சத்தம் வெளிய வருது, அதெல்லாம் சேந்தாத்தான் நாயனம். ரெண்டு மூணு அடி தள்ளி, ஓரமாப் பாத்து வச்சாலே முக்காவாசி மிக்சிங் முடிஞ்சிரும்.

அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் தட்டு பெரும்பாலும் ஒத்த மைக்ல பிடிச்சதுதானே. பாடுறவர் கிட்ட, நாயனம் தள்ளி, தவில் அதுக்கும் தள்ளி. யார் எங்க நிக்கிறாங்கங்கிறதுதான் அப்ப பேலன்ஸு.

திண்டுக்கல் டெசிபல்

அதெல்லாம் சரிண்ணே, தள்ளி வச்சா பக்கத்துல வாசிக்கிற உறுமி எல்லாம் அதுக்குள்ள வந்துரும். அப்புறம் தவில மட்டும் தூக்க முடியாது.

ஃபேடர்

வரும். வரட்டும். எல்லாரும் ஒரே ரூம்ல வாசிச்சா ஒரு கணக்கு வச்சுக்கலாம்: மைக்குக்கும் அது பிடிக்க வேண்டிய வாத்தியத்துக்கும் ஒரு அடின்னா, அடுத்த மைக் குறைஞ்சது மூணு அடி தள்ளி இருக்கட்டும். சத்தம் ஒரு அடி போக ஏறத்தாழ 0.9 மில்லி செகண்ட். தவில்ல விழுற ஒரே அடியோட சத்தம் ரெண்டு மைக்குக்கும் 1 மில்லி செகண்ட் வித்தியாசத்துல போய்ச் சேந்து, ரெண்டும் சம சத்தத்துல கலந்தா 500 ஹெர்ட்ஸ்ல பள்ளம் விழும். அதுக்கு மேல 1500, 2500-னு வரிசையாவும் விழும். இரண்டாவது மைக்ல சத்தம் ரொம்பக் கம்மியா இருந்தா அந்தப் பள்ளம் தெரியாது. மூணு மடங்கு தூரம் சொல்றது அதுக்குத்தான்.

தம்பி தனித்தனியா ரெக்கார்டு பண்ணியிருந்தா இந்தக் கவலையே இல்ல.

பத்துக்குப்பத்து

தனித்தனியாத்தான். ரூம்ல எல்லாரும் உக்காந்தா கதவத் திறக்க முடியாது.

போலாரிட்டி மாத்திப் பாத்தேன். அண்ணே!! மோனோல தொப்பி இறங்கி வந்து உக்காந்துருச்சு. ஃபோன் ஸ்பீக்கர்லயே தெரியுது. இவ்வளவு சின்ன பட்டனா?

ஆனா கார்ல பேஸ் இன்னும் மூடுது. வீட்டுல கேட்டா பேஸ் பத்தவே மாட்டேங்குது, அதான் தூக்கி வச்சேன்.

ஃபேடர்

உங்க பேர்லயே காரணம் இருக்கு. பத்துக்குப் பத்து, உசரமும் பத்து, அதாவது நீளம் அகலம் உசரம் மூணும் 3.05 மீட்டர். சத்தத்தோட வேகம் செகண்டுக்கு 343 மீட்டர்னு வச்சா, அந்த நீளத்துக்குள்ள நின்னு ஆடுற முதல் அலை 56 ஹெர்ட்ஸ். சித்திரை வெயில்ல ஏசி போடாம இருந்தா 57, 58. சாதாரண ரூம்ல நீளத்துக்கு ஒண்ணு, அகலத்துக்கு ஒண்ணு, உசரத்துக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சு இருக்கும். உங்களுக்கு மூணும் ஒரே இடத்துல விழுது. ஒரு ரூமுக்கு அமையக்கூடிய மோசமான வடிவம் இதுதான், நம்ம ஊர்ல கொத்தனார் கட்டுற ரூம் நெறைய இப்படித்தான்.

அந்த அலைக்குச் சுவர் ஓரத்துல சத்தம் உச்சம், ரூம் நடுவுல ஏறக்குறைய பூஜ்யம். நீங்க நடுவுல உக்காந்து மிக்ஸ் பண்ணியிருப்பீங்க. 56 பக்கம் கேக்காது. கேக்கலன்னு தூக்குவீங்க. கார்ல அந்தப் பள்ளம் கிடையாது, தூக்குனது அத்தனையும் வந்து மூஞ்சில அடிக்கும்.

மேசைய முன் சுவர் பக்கம் நகர்த்தி, உங்க தலை முன் சுவர்ல இருந்து நாலடிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி உக்காருங்க. இதுல நீளவாட்டுப் பள்ளத்துல இருந்து தப்பிக்கலாம். அகலவாட்டுக்கு நீங்க நடுவுலதான் இருந்தாகணும், ஸ்பீக்கர் ரெண்டும் சமமா இருக்கணுமே. அதனால அந்த ரூம்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஸ்பீக்கர நம்பி ஒரு முடிவும் எடுக்காதீங்க. ஹெட்ஃபோன், ஸ்பெக்ட்ரம் மீட்டர், அப்புறம் நல்லா தெரிஞ்ச ஒரு பாட்ட அதே சத்தத்துக்கு இறக்கி வச்சுப் பக்கத்துல ஓட்டிப் பாக்குறது. மூணும் சேந்து சொன்னா நம்புங்க.

ஆனையூர்க் குயில்

நான் வீட்ல பாடி ரெக்கார்டு பண்ணும்போது பின்னாடி போடி இலவம்பஞ்சு மெத்தை ரெண்ட சாத்தி வச்சுக்குவேன். எக்கோ அப்படியே அடங்கிருது. தம்பியும் அதையே செஞ்சா என்ன? முட்டை அட்டை ஒட்டுறவங்கள விட இது தேவலையே.

ஃபேடர்

அக்கா, குரலுக்கு மெத்தை அருமை. முட்டை அட்டை எதுக்குமே இல்ல, தீப்பிடிச்சா வேற ஆபத்து. ஆனா 56 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளமே அஞ்சடி. மெத்தை அரை அடி. அதுக்கு அது இருக்கிறதே தெரியாது. மூலையில தரையில இருந்து கூரை வரைக்கும் ராக்வுல் (கல்லுல செஞ்ச பஞ்சு) அடைச்சா கொஞ்சம் அடங்கும். துணி போட்டு நல்லா மூடணும், தூசி மூச்சுக்குள்ள போகக்கூடாது.

ஆனையூர்க் குயில்

சரி, பேஸ விடுங்க. தம்பி, அந்தப் பாட்டுல பாடுற பொண்ணு பத்தி யாருமே பேசலயே. குரல் நாயனத்துக்குள்ள போகுதுன்னு சொன்னீங்க. நாயனம் எப்ப எப்ப வருது?

பத்துக்குப்பத்து

ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்க்கா. பாட்டு வரியக் கூடவே ஊதிக்கிட்டு வருவாரு. அழகா இருக்கேன்னு எடுக்கல.

ஆனையூர்க் குயில்

அதான். கரகாட்டத்துக்குப் பாடுறவ நான். மேடையில நாங்க ஒரு வரி பாடுவோம், முடிச்சதும் நாயனம் அதே வரிய எடுத்து ஊதும். நாங்க பாடும்போது அவரு சீவாளிய (வாயில வச்சு ஊதுற நாணல்) நனைச்சுக்கிட்டு நிப்பாரு. மைக்கே இல்லாத காலத்துலயும் குரல் கேட்டதுக்கு அதுதான் காரணம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே வரிய எடுத்தா எந்த மெஷினாலயும் பிரிக்க முடியாது. நாயனம் ஜெயிக்கும், சந்தேகமே வேணாம்.

திண்டுக்கல் டெசிபல்

பிரிக்கலாம்க்கா. நாயனத்துல 2.5ல இருந்து 3.5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் 4 டெசிபல் வெட்டுனா குரலுக்கு இடம் கிடைச்சிரும். நம்ம காதுக்கு அந்த இடந்தான் ரொம்ப உசார்.

வலந்தலை

அந்த இடத்த வெட்டுனா நாயனம் செத்துரும் அண்ணே. அதோட மூக்கே அங்கதான் இருக்கு. அப்புறம் கீபோர்டுல வாசிச்ச ஷெனாய் மாதிரி வரும். நாயனத்த வெட்டி வச்சுட்டு நேர்ல வாசிச்சதுன்னு பேரு மட்டும் போட்டு என்ன பிரயோசனம்?

ஃபேடர்

ரெண்டு பேரு சொல்றதுலயும் விசயம் இருக்கு, ஆனா நான் அக்கா பக்கம். முதல்ல நாயன டிராக்ல குரல் வர்ற இடத்தையெல்லாம் மியூட் பண்ணிட்டுப் பாட்டக் கேளுங்க. பாதி இடத்துல நாயனம் இல்லாதது குறையாவே தெரியாது. கட்டாயம் வேணும்னு தோணுற வரியில மட்டும் வால்யூம் ஆட்டோமேஷன்ல 5, 6 டெசிபல் இறக்கி, கொஞ்சம் ரிவர்ப் போட்டுப் பின்னால தள்ளி வைங்க. அதுக்கும் பத்தலன்னா டெசிபல் அண்ணன் சொன்ன இடத்துல, குரல் வரும்போது மட்டும் வேலை செய்யிற டைனமிக் ஈக்யூ போட்டு 2 டெசிபல். குரல் நின்னதும் நாயனம் முழு மூக்கோட திரும்ப வரணும்.

உறுமிக்கும் ஒரு வார்த்தை. வளைஞ்ச குச்சியால தேய்க்கும்போது வர்ற உறுமல் அடியில வழுக்கிக்கிட்டே ஏறி இறங்கும். கீபோர்டு பேஸ் அதே இடத்துல தட்டையா நின்னா ரெண்டும் முட்டும். உறுமி தேய்க்கிற இடத்துல பேஸ நிறுத்திப் பாருங்க. எனக்கு என்னமோ இந்தப் பாட்டுக்கு பேஸே வேணாம்னு தோணுது.

மேலூர் மைக்செட்

பேஸ எடுத்துருங்க தம்பி, கும்புடுறேன். குழாய்க்கு 300-க்குக் கீழ சொல்லிக்கிறாப்புல ஒண்ணும் வராது. வராதுன்னா சும்மா விட்டுரும்னு நெனைக்காதீங்க. ஆம்பு அத அனுப்பிக்கிட்டேதான் இருக்கும், குழாய்க்குப் பின்னாடி சத்தம் கிளப்புற யூனிட்டுக்குள்ள டயாஃப்ரம் கண்டபடி ஆடி, ராத்திரி பூசை உச்சத்துல டப்புன்னு போயிரும். அப்புறம் யூனிட்டுக்குக் காசு யாரு குடுப்பா, விழாக் கமிட்டியா?

எனக்கு ஒரு காப்பி தனியாக் குடுங்க. 200-க்குக் கீழ வெட்டி, மோனோல, இம்புட்டு அமுக்காம. சத்தத்த நான் ஆம்புல ஏத்திக்கிறேன், அதுக்குத்தானே எனக்குக் கூலி. உங்க ஆளு அமுக்கிக் குடுத்தத எங்க ஆம்புல ஏத்துனா பாட்டு முச்சூடும் ஒரே இரைச்சலாப் போகுது, தவில் எங்க அடிக்கிறாருன்னே தெரியல.

திண்டுக்கல் டெசிபல்

குழாய்க்கு ஒரு மாஸ்டர், யூடியூபுக்கு ஒரு மாஸ்டர், நாளைக்கு மினிபஸ்ஸுக்கு ஒண்ணு, ஷேர் ஆட்டோவுக்கு ஒண்ணா? நல்ல மிக்ஸ்னா எதுலயும் நிக்கணும்யா. டி.எம்.எஸ். பாட்ட எந்தக் குழாய்க்கு யாரு தனியா மாஸ்டர் பண்ணாங்க? மூணு தெரு தாண்டி வரிக்கு வரி புரியும்.

ஃபேடர்

டி.எம்.எஸ். குரலே குழாய்க்குன்னு செஞ்ச குரல், அது கணக்குல சேராது! அந்தக் காலத்து ரெக்கார்டிங்கும் மோனோ, அடிச் சத்தமும் மேல் சத்தமும் கம்மி, குரல் எல்லாத்துக்கும் முன்னால. கேட்டது பெரும்பாலும் ரேடியோவுலயும் குழாய்லயும். அவங்க மிக்ஸே அப்படித்தான்.

மிக்ஸ் எதுலயும் நிக்கணும்ங்கிறதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. அதுக்கு ஒரு வழி: மாஸ்டர் பஸ்ல 300-க்குக் கீழயும் 5000-க்கு மேலயும் வெட்டி, மோனோ போட்டு, சின்ன சத்தத்துல கேளுங்க. அதுலயே குரல் வார்த்தை புரியணும், தவில் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு தெரியணும். தொப்பி அடியிலயே கெடந்தா அந்த டிராக்குக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிசான கரகரப்பு) குடுங்க. 80 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு 160, 240, 320-னு மேல துணைச் சத்தங்கள் பிறக்கும். அடிச் சத்தம் வராத ஸ்பீக்கர்லயும் அந்தத் துணைகள வச்சு நம்ம காது அடிய நிரப்பிக்கும். அதுல மிக்ஸ் நின்ன பிறகு வடிகட்டிய எடுத்துட்டு முழுசாக் கேளுங்க.

இவ்வளவும் செஞ்சாலும் மைக்செட் அண்ணன் கேக்குற காப்பி வேணும்தான், அது யூனிட்டோட பாதுகாப்புக்கு. ஒரே மிக்ஸ், ரெண்டு எக்ஸ்போர்ட். பெரிய வேலை இல்ல.

பத்துக்குப்பத்து

எல்லாம் செஞ்சு பாத்தேன். பேஸ முழுசா எடுத்துட்டேன், உறுமி வெளிய வந்துருச்சு. நாயனம் பாட்டு வரிக்கு அப்புறம் மட்டும். அதுல ரெண்டு வரியில அவர் முன்னாடியே ஆரம்பிச்சிருக்காரு, வெட்டுனா மூச்சு எடுக்கிற இடம் மொட்டையா இருக்கு. அந்த ரெண்டு வரிக்கு மட்டும் திரும்ப வந்து ஊதித் தாரேன்னுட்டாரு.

பழைய மாஸ்டரிங் ஆள்கிட்டயே குடுக்கவா? அவர் வாட்ஸாப்ல அனுப்பச் சொன்னாரு.

ஃபேடர்

யார்கிட்ட வேணா குடுங்க, ஆனா என்ன வேணும்னு எழுதிக் குடுங்க. "தவிலோட அடி நசுங்கக்கூடாது, -12 பக்கம் போதும், ட்ரூ பீக் (உண்மையான உச்சம்) -1-க்கு மேல போகவேணாம்." இத்தனை போதும். உங்க மாஸ்டர் பஸ்ல லிமிட்டர் இருந்தா எடுத்துருங்க, உச்சம் -6 பக்கம் நின்னா வசதி. 24 பிட் வேவ் ஃபைல். வாட்ஸாப்ல ஆடியோவா அனுப்பாதீங்க, சுருக்கிரும். டாக்குமென்டா அனுப்புனா அப்படியே போகும், இல்லன்னா டிரைவ் லிங்க்.

குரல் தனி, மத்தது தனின்னு ரெண்டு ஸ்டெம் கூட வச்சு அனுப்புங்க. குரல் அரை டெசிபல் கூட்டணும்னு கடைசியில அவருக்குத் தோணுனா உங்களக் கேக்காம செஞ்சுக்குவாரு.

திண்டுக்கல் டெசிபல்

-12 போதும்ங்கிறத நான் இன்னும் ஒத்துக்கல. -10 வைங்க தம்பி. கார்ல பென்டிரைவ்ல கேக்குறவனுக்கு ஸ்பாட்டிஃபை கணக்கு எல்லாம் கிடையாது.

வலந்தலை

-10-ஓ -12-ஓ, தொப்பி கேட்டா சரி.

மேலூர் மைக்செட்

என் காப்பிக்கு வேவ் வேணாம் தம்பி, எங்க ஆம்புல இருக்கிற யுஎஸ்பி போர்டுல எம்பித்ரிதான் ஓடும், 320-ல போடுங்க. பென்டிரைவ் ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணிருங்க, இல்லன்னா வாசிக்காது. விழாவுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன சாயங்காலமா கொண்டாங்க, கண்மாய்க் கரையில ஒரு குழாயக் கட்டி ஓட்டிப் பாத்துருவோம். ராத்திரி பத்துக்கு மேல வந்துறாதீங்க, காலையில ஆறு மணி வரைக்கும் போட விட மாட்டாய்ங்க.

பத்துக்குப்பத்து

சரிண்ணே, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துருவேன். நாயனக்காரரயும் கூட்டிட்டு வரவா? அவர் ஊதுனது குழாய்ல எப்படி வருதுன்னு கேக்கணும்ங்கிறாரு.

மேலூர் மைக்செட்

கூட்டிட்டு வாங்க. நாயனத்தயும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.